நான்காவது ஆள்

லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ரதியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வருவது, "அந்தப் பொண்ணு லைப்ரரிக்குப் படிக்குதாம்லா" என்கிற பேச்சுதான். கூடவே ஒரு சிரிப்பும் வரும். டாக்டருக்குப் படிக்கிறார்கள், லாயருக்குப் படிக்கிறார்கள், அதெல்லாம் சரி. அலமாரியில் புத்தகம் அடுக்குவதற்கு மாஸ்டர்ஸ் வரைக்குமா படிக்க வேண்டும்? வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன கிறுக்குத்தனங்களில் இதுவும் ஒன்று என்று தோட்டம் எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டது.

ரதி இந்தச் சிரிப்புக்குப் பழகியிருந்தாள். வாரம் முழுக்க நீலாயில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளர் வேலை. சனிக்கிழமை விடிந்ததும் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறி லாபு ஸ்டேஷன், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கோலாலம்பூர், மாலை வரை வகுப்பு. முப்பதைத் தாண்டிய பெண் கல்யாணம் காட்சி என்று இல்லாமல் பை நிறையப் புத்தகத்தோடு அலைகிறாளே என்று கவலைப்படவும் ஆட்கள் இருந்தார்கள். தோட்டத்தில் கவலைப்படுவதற்கு எப்போதும் ஆள் பஞ்சமில்லை.

சிரிக்காத ஒரே ஆள் அவள் அப்பா இராஜமாணிக்கம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் என்ன படிக்கிறாள் என்பது அவருக்கும் முழுதாக விளங்கியதில்லை. ஆனாலும் யாராவது கேட்டுவிட்டால் போதும், "தகவல் இயல்" என்று ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தில் அது இறங்குகிறதா என்று பார்ப்பார்.

ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எடுக்கும் நேரம் வந்தது. உடன் படித்தவர்கள் மின்னூல், தரவுத்தளம் என்று எடுத்தார்கள். ரதி தன் தோட்டத்தையே எடுத்தாள். தோட்டத்து மக்கள் தங்களுக்கு வேண்டிய தகவலை எங்கே தேடுகிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், எதை நம்புகிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆய்வை வழிநடத்திய டாக்டர் அஸ்லினாவுக்கு ரொம்பச் சந்தோஷம். "இதுவரை யாரும் போகாத இடம்" என்றார். ரதிக்குச் சிரிப்பு வந்தது. அவள் அந்த இடத்தை விட்டு எங்கேயும் போனதே இல்லை.

வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தாள். நூலகப் படிப்பில் முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடங்களில் ஒன்று, யார் என்ன கேட்டார்கள், என்ன படித்தார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது. ஆய்விலும் அப்படியே. பெயர் போடக் கூடாது, எண் மட்டும்தான். அதனால் கட்டுரையில் எல்லோரும் முதலாவது ஆள், இரண்டாவது ஆள் என்று ஆனார்கள்.

நான்காவது ஆள் நீலாவதி அத்தை. ரத்த உறவு கிடையாது. ரதியின் அம்மா சின்ன வயதிலேயே போய்விட, பள்ளிக்கூடம் போகும் காலைகளில் அவளை உட்கார வைத்துத் தலை சீவிப் பின்னல் போட்டுவிட்டவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை மனைப் பலகையில் விரித்து வைத்து, அடியெடுத்துக் கொடுப்பார். மற்றப் பெண்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். குரல் கொஞ்சம் கரகரப்புதான், ஆனால் ஒரு சொல் பிசகாது.

ரதி கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே போனாள். கிளினிக் தேதி எப்படித் தெரியும், அரசாங்க உதவி அறிவிப்பு வந்தால் யார் சொல்வார்கள் என்றெல்லாம் கேட்டு, "கடைசியா நீங்க படிச்ச அறிவிப்பு எது அத்த?" என்ற கேள்விக்கு வந்தாள்.

நீலாவதி எழுந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முன்கூடத்தில் அவருடைய மருமகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுடி."

ரதி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

"நெசமாத்தான். ஒரு எழுத்துகூடத் தெரியாது. அக்காதங்கச்சிங்க பள்ளிக்கூடம் போனாங்க, நான் தம்பியப் பாத்துக்கிட்டு ஊட்டுல கெடந்தேன். பாட்டெல்லாம் எங்க ஊட்டுக்காரரு படிச்சுக் காட்டுவாரு, நான் மனசுல ஏத்திக்குவேன். அவரு போனப்புறம் கேசட்டு. சூராட்டு, கடுதாசி எதுனாச்சும் வந்தா, கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேன், செத்தப் படிச்சுச் சொல்லுன்னு மருமவகிட்ட குடுத்துருவேன்."

"கோயில்ல புத்தகம்?"

"சும்மா பக்கத்தத் திருப்புவேன்" என்று சொல்லிவிட்டு நீலாவதி வெட்கத்தோடு சிரித்தார். பிறகு கைப்பேசியைப் பார்த்தார். "பேரு வராதுல்ல?"

"வராது அத்த. நாலாவது ஆளுன்னுதான் எழுதுவேன். சத்தியமா."

அன்றைக்கு ரதி மனதாரத்தான் சொன்னாள். சொன்னபடி பெயரையும் எழுதவில்லை.

பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசும் நாள் ஒன்று வந்தது. மண்டபம் நிறையப் பேராசிரியர்கள். ரதிக்கு முன்னால் பேசியவர்களின் அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்துக் கூட்டம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நான்காவது ஆளின் கதையைச் சொன்னாள். லாபு வட்டாரத்தில் ஒரு தோட்டம், அங்கே கோயிலில் பாட்டுக் குழுவை நடத்தும் ஒரு விதவை, விரித்து வைத்த புத்தகம், அவர் புரட்டும் பக்கங்கள், அவருக்குத் தெரியாத எழுத்து. மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முடித்ததும் கைதட்டினார்கள். டாக்டர் அஸ்லினா தோளைத் தொட்டு, "இந்த ஆய்வின் உயிரே அந்த நான்காவது ஆள்தான்" என்றார். அன்று ரயிலில் திரும்பும்போது ரதிக்குக் கால் தரையில் படவில்லை.

பெயரை மறைத்தவள் ஆளை மறைக்க மறந்தாள். பெரிய ஊரில் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. தோட்டத்தில் எல்லாரும் ஒத்தை ஆள்தான். ஆடு வளர்ப்பவர் என்றால் ஒருவர், தையல் மெஷின் வைத்திருப்பவர் என்றால் ஒருவர், பாட்டுக் குழுத் தலைவி என்றால் ஒருவர். இதெல்லாம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ரதிக்குத் தெரியாதா? தெரியும். கைதட்டல் வாங்கப் போனவளுக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை.

உடன் படிக்கும் பெண் ஒருத்தி பேச்சை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். ரதி அதை அப்பாவுக்கு அனுப்பினாள். அனுப்பியது அவள்தான், வேறு யாரும் இல்லை. பிற்பாடு எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தும் அந்தப் பழியை அவளால் வேறு யார் தலையிலும் வைக்க முடியவில்லை. இராஜமாணிக்கம் முதல் கொஞ்சம் பார்த்தார். மகள் மேடையில் ஒலிபெருக்கி முன்னால் நின்று மலாயில் வெளுத்துக் கட்டுகிறாள். அவருக்கு அது போதும். மீதியைப் பார்க்காமலே தோட்டத்து வாட்சப் குரூப்பில் போட்டுவிட்டார், 'என் மகள், மாஸ்டர்ஸ்' என்று எழுதி.

முதலில் கும்பிடும் கைகளும் ரோஜாப் பூக்களும் வரிசையாக வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. காலை வணக்கமும் கோழி விற்பனையும் ஓயாத குரூப் அது. அன்று சாயங்காலம் முழுக்க ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ரதி தன் கைப்பேசியில் குரூப்பைத் திறந்தாள். வீடியோவைப் பார்த்ததும் எழுந்து அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, அழிங்கப்பா அத!"

"ஏம்மா? நல்லாத்தானே பேசியிருக்க?"

அழித்தார். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து, அனுப்ப வேண்டியவர்களுக்கு அனுப்பியும் விட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் ஒருவன் நீலாவதியின் மகனைப் பார்த்து, "ஒங்கம்மா பக்கம் பொரட்டுறதுல கில்லாடியாமே" என்று கேட்டிருக்கிறான். மகன் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தானாம். அந்த வெள்ளிக்கிழமை நீலாவதி கோயிலுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வரவில்லை.

உடனே ஓடிப்போய்க் காலில் விழுந்தாள் என்று எழுதினால் ரதிக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அவள் போகவில்லை. வேலை முடிந்து வரும்போது நீலாவதி வீட்டுப் பக்கம் வராமல் செம்பனைக்குள் போகும் லோரிப் பாதையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. வீடியோவைப் பார்த்தவுடன் அவள் மனதில் முதலில் வந்தது நீலாவதி அத்தை இல்லை. ஐயையோ, அத்தை பேட்டியைத் திருப்பிக் கேட்டுவிட்டால் கட்டுரையில் அந்த அத்தியாயம் என்ன ஆகும் என்பதுதான் முதலில் வந்தது. தனக்குத் தலை சீவிவிட்ட கையை மறந்து கட்டுரையைப் பற்றி யோசித்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கல்லூரியில் மாணவர்கள் வந்து ஏதாவது கேட்டால்கூட, நான் யாருக்கு என்ன எடுத்துக் கொடுக்க யோக்கியதை உள்ளவள் என்று தோன்றியது.

கடைசியில் ஒரு புதன்கிழமை, மருமகள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து லீவு போட்டுவிட்டுப் போனாள். நீலாவதி அடுப்படியில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வா" என்றார். "வாடி" என்று சொல்லவில்லை.

ரதி தரையில் உட்கார்ந்து அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை, இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று என்னென்னவோ சொன்னாள். நீலாவதி கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"நீ படிச்ச பொண்ணுன்னா ஒங்கிட்ட சொன்னேன்? படிச்சவங்க எத்தன பேரு வந்து போயிருக்காங்க, சொன்னனா? யாருகிட்டயாச்சும் ஒரு தடவ சொல்லிப்புடணும்னு இருந்துச்சு. நீ நம்ம புள்ளைன்னு சொன்னேன்."

படித்தவர்கள் பதில் இல்லாத இடத்தில் உதவி செய்யக் கிளம்பிவிடுவார்கள். ரதியும் அதையே செய்தாள்.

"நான் ஒங்களுக்குச் சொல்லித் தரேன் அத்த. ஞாயித்துக்கெழம வரேன். கொஞ்ச நாள்ல படிச்சிரலாம்."

"இந்த வயசுல நான் சிலேட்டத் தூக்கிக்கிட்டு ஒக்காந்தா, அவங்க சொன்னது சரிதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அது வேணாம்" என்றார் நீலாவதி. "எனக்கு ஒன்னே ஒன்னு செய்யி. அது நான் இல்லேன்னு சொல்லு."

"வேற தோட்டத்து அம்மான்னு சொல்லிடறேன்."

"யாரு நம்புவா? கோயிலு, பாட்டு, பொஸ்தகம், எல்லாத்தயும் சொல்லிப்புட்டியே. நீயா இட்டுக்கட்டுனேன்னு சொல்லு. அப்படி ஒரு ஆளே இல்லேன்னு சொல்லு. கோயில்ல வச்சு, எல்லாரும் கேக்கச் சொல்லு."

ரதி திகைத்துப் போனாள். "அத்த, அப்படிச் சொன்னா நான் படிப்புல பொய் எழுதுனேன்னு ஆயிடும்."

"ஆவட்டுமே" என்றார் நீலாவதி. "நான் நாப்பது வருசமா பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீ ஒரு நா சொல்லு."

இன்னொன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். பொய் என்றால் எல்லாருக்கும் பொய்தான். அப்பா உட்பட ஒருத்தரிடமும் உண்மையைச் சொல்லக் கூடாது. ரதி அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். முதல் சத்தியம் என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நீலாவதி கோயிலுக்கு வந்தார். யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் உட்கார்ந்தார். பூசை முடிந்து பாட்டுத் தொடங்கும் முன் ரதி எழுந்து நின்றாள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், தூணோரம் அப்பா.

"நான் ஒன்னு சொல்லணும். அந்த வீடியோவுல நான் சொன்ன மாதிரி ஒரு ஆளு கெடையாது. கேக்க நல்லா இருக்கணும்னு நானா இட்டுக்கட்டிச் சொன்னேன். நீலா அத்தைய மாதிரி ஒருத்தங்கள மனசுல வச்சுக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன். அத்தையும் நீங்க எல்லாரும் என்னை மன்னிச்சிடுங்க."

ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "இதுக்குத்தான் மாஸ்டர்ஸா?" என்று ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். ரதி அப்பாவின் பக்கம் திரும்பவில்லை, அதற்குத் தைரியம் இல்லை. நீலாவதி கண்ணாடியை மாட்டினார், புத்தகத்தை விரித்தார், பாடினார். கரகரத்த குரல் முதல் அடியில் கொஞ்சம் நடுங்கி, பிறகு நேராகிவிட்டது. பின்பாட்டு அன்றைக்கு வழக்கத்தைவிடப் பலமாக எழுந்தது.

பாட்டு முடிந்து பிரசாதக் கடலை கொடுக்கும் இடத்தில் புஷ்பவள்ளி நின்றார். பாட்டுக் குழுவில் நீலாவதிக்குப் பக்கத்து இடம் எத்தனையோ வருடமாக அவருக்குத்தான். ரதியின் கையில் கடலைப் பொட்டலத்தை வைத்தவர், கையை விடாமல் அவளை ஓரமாக இழுத்தார்.

"நல்லவேள சொன்ன. இனிமே அவ வந்துருவா."

"மன்னிச்சுக்குங்க அக்கா. பொய் சொல்லிட்டேன்."

"எது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? பாட்டு ஒரு பக்கம் இருக்கும், அவ வேற பக்கத்தத் தொறந்து வச்சிருப்பா. ஒட்டி ஒக்காந்திருக்கேன், என் கண்ணுல படாதா? எங்க எல்லாருக்குமே தெரியும். இவ்ளோ வருசமா தெரியும்."

"அப்ப ஏன்க்கா யாரும் சொல்லல?"

புஷ்பவள்ளி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சொல்லி?"

அவ்வளவுதான். அடுத்த ஆளுக்குக் கடலை கொடுக்கப் போய்விட்டார். ரதி வாசலில் செருப்பைத் தேடினாள், எது தன் செருப்பு என்றே தெரியவில்லை. அத்தனை பெண்கள் அத்தனை காலம் தங்களுக்குள்கூடப் பேசாமல் பொத்திப் பாதுகாத்த ஒன்றை, அதைப் பாதுகாக்கவே படிப்பு படித்த அவள் போய் பல்கலைக்கழக மண்டபத்தில் போட்டு உடைத்திருக்கிறாள். இத்தனை நாள் ஒருத்திக்குத் துரோகம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கணக்கில் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்.

டாக்டர் அஸ்லினாவுக்குப் போன் செய்து நான்காவது ஆள் பேட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று சொன்னாள். அது ஒரு வகையில் உண்மைதான். காரணம் கேட்டார். சொல்ல முடியாது என்றாள். அந்தப் பேட்டி இல்லாமல் அத்தியாயம் சப்பென்று ஆகிவிடும், புதிதாகப் பேட்டிகள் எடுக்க வேண்டும், இன்னொரு பருவம் இழுக்கும் என்றார். இழுக்கட்டும் டாக்டர் என்றாள் ரதி.

இராஜமாணிக்கம் வீட்டில் எதுவும் பேசவில்லை. கோபம் வந்தால் கத்துகிற மனிதர் அவர். கத்தியிருந்தால் ரதிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், படுத்துக்கொண்டார். கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அங்கே போனால் "ஒம் மவ புளுகுறதுக்குத்தான் கோலாலம்பூரு போறாளா?" என்று கேட்பதற்கு ஆள் காத்திருந்தது.

சனிக்கிழமை வழக்கம்போல மோட்டாரை எடுத்தார். லாபு ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரதி."

"சொல்லுங்கப்பா."

"நெசமாவே நீ இட்டுக்கட்டுனியாம்மா?"

ரதி அவரைப் பார்த்தாள். வேறு ஒரு பதில் வந்துவிடாதா என்று அந்த முகம் கெஞ்சியது. ஒரு வார்த்தை போதும், அப்பா தலை நிமிர்ந்து கடைக்குப் போவார். அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த நீலாவதி அத்தையை நினைத்தாள்.

"ஆமாப்பா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பென்சிலைத் திருடி வந்தாள் என்று அடித்து, திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வைத்த மனிதர். இப்போது என்ன சொல்லப்போகிறாரோ என்று ரதி காத்துக்கொண்டு நின்றாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று நிச்சயமானதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒன் டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"சரி. தெரிய வேணாம். நா யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீ பயப்படாமப் படிச்சு முடி."

ரயில் வந்தது. ரதி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இராஜமாணிக்கம் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார். ரயில் கிளம்பியதும், ஏமாற்றிப் பட்டம் வாங்கப் போகிற மகளுக்குக் கை காட்டினார்.